தொடர்மாடியில் எட்டு மெய்ப்பாடுகள்: ஒரு சிமுலேஷன் விளையாட்டின் மகிழ்ச்சி முறைமை குறித்த நிகழ்வு ஆய்வு

விளையாட்டும் அதன் சிக்கலும்

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஓர் ஒழுங்கையில் ஐந்து மாடித் தொடர்மாடிக் கட்டடம் ஒன்று நிற்கிறது. அதில் இருபது குடும்பங்கள் வாழ்கின்றன. விளையாடுபவர் அந்தக் கட்டடத்தின் பராமரிப்பாளர். தண்ணீர்த் தாங்கி நிரம்பியிருக்கிறதா, மின்தூக்கி ஓடுகிறதா, யாருடைய வாடகை தவறியது, யார் வீட்டில் யாருக்குச் சுகமில்லை என்பவற்றைக் கவனித்து, குடியிருப்பவர்கள் நிறைவோடு வாழ வழிசெய்வதே அவருடைய வேலை. இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட சிமுலேஷன் விளையாட்டின் அமைப்பு இவ்வளவுதான். கொழும்பில் இயங்கும் ஒரு சிறிய குழு கைத்தொலைபேசிக்காக இதை உருவாக்கி வருகிறது. பாத்திரங்களின் உணர்ச்சி முறைமையை வடிவமைக்கும் பொறுப்பு என்னிடம் இருக்கிறது.

முதல் பதிப்பில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் 0 முதல் 100 வரையிலான ஒரே ஒரு மகிழ்ச்சி எண் இருந்தது. நல்லது நடந்தால் அது ஏறும், கெட்டது நடந்தால் இறங்கும். எழுதுவதற்கும் திரையில் காட்டுவதற்கும் இதைவிட எளிதான முறை இல்லை என்பதால் இந்த வகை விளையாட்டுகள் பலவும் இங்கிருந்தே தொடங்குகின்றன. இதன் குறை நான்காம் மாடியில் வாழும் பவளம் அன்ரி என்ற பாத்திரத்திடம்தான் வெளிப்பட்டது. விளையாட்டின் போக்கில் அவருடைய கணவர் இறந்துபோகிறார். எண் 80இலிருந்து 25க்கு விழுகிறது. விளையாடுபவர் புதிய மின்விசிறி, பெரிய தொலைக்காட்சி, நல்ல சாப்பாடு என்று அடுத்தடுத்துக் கொடுக்கிறார். இரண்டே விளையாட்டு நாட்களில் எண் பழைய இடத்துக்கு வந்துவிடுகிறது. பவளம் அன்ரி பல்கனியில் நின்று புன்னகைக்கிறார். பரிசோதித்தவர்களில் பலருக்கு இதில் தவறு எதுவும் தோன்றவில்லை. ஏறாத எண்ணை ஏற்றுவதே வேலை என்று விளையாட்டு அவர்களுக்குச் சொல்லியிருந்தது, அவர்களும் அதைச் செய்து முடித்திருந்தார்கள். எனக்கு அந்தப் புன்னகை பொறுக்க முடியாததாக இருந்தது. கணவனை இழந்தவரின் துயரத்தைத் தொலைக்காட்சிப் பெட்டியால் கழித்துவிடலாம் என்று ஒரு விளையாட்டு கற்பிக்குமானால், அதை உருவாக்குவதற்கு நியாயம் ஏதும் இல்லை.

ஒற்றை எண் 'எவ்வளவு' என்பதை மட்டும் சொல்கிறது. 'ஏன்' என்பதைச் சொல்வதில்லை. பசியால் 40இல் இருப்பவரும், மகன் மூன்று கிழமையாகத் தொலைபேசி எடுக்காததால் 40இல் இருப்பவரும் கணினிக்கு ஒரே ஆள்தான். ஆகவே இருவரும் ஒரே மாதிரி நடக்கிறார்கள், ஒரே மருந்தால் குணமாகிறார்கள். காரணத்தை எண்ணுக்குள் கரைத்துவிடாமல் காப்பாற்றுவது எப்படி என்பதே இந்த மறுவடிவமைப்பின் மையக் கேள்வி.

முன்னர் செய்து பார்க்கப்பட்டவை

வில் ரைட் வடிவமைத்து 2000ஆம் ஆண்டில் வெளிவந்த 'த சிம்ஸ்' விளையாட்டில் பசி, வசதி, சுத்தம், கழிப்பறை, உறக்கம், கேளிக்கை, உறவு, அறை என்ற எட்டுத் தேவைகள் இருந்தன. மனிதத் தேவைகளைப் படிநிலைகளாக அடுக்கிய ஆபிரகாம் மாஸ்லோவின் 1943ஆம் ஆண்டுக் கட்டுரை இதற்கு ஒரு தூண்டுதல். ஒவ்வொரு தேவையும் நேரத்தோடு தேயும். குளிர்சாதனப் பெட்டியும் கட்டிலும் தம்மால் எந்தத் தேவையை எவ்வளவு நிறைவேற்ற முடியும் என்று சுற்றியுள்ள பாத்திரங்களுக்கு அறிவிக்கும். பாத்திரம் தனக்கு எது மிகவும் குறைவோ அதை நோக்கி நடக்கும். பாத்திரத்துக்குப் பெரிய அறிவு தேவையில்லை, பொருள்களே அதை இழுத்துச் செல்லும் என்ற இந்த எண்ணம் இன்றும் அழகானது. 1991இல் ஓக்லாந்து தீவிபத்தில் ரைட் தன் வீட்டை இழந்து மீண்டும் கட்டியெழுப்பிய அனுபவம் இந்த விளையாட்டுக்கு ஒரு வித்து என்பது பலரும் அறிந்த செய்தி. இழப்பிலிருந்து பிறந்த ஒரு விளையாட்டின் எட்டுத் தேவைகளில் இழப்பை நினைவில் வைத்திருக்கும் ஓர் இடம் இல்லாமல் போனது எனக்கு எப்போதும் வியப்பாகவே இருக்கிறது. பின்வந்த பதிப்புகள் அந்த இடைவெளியைச் சிறிது சிறிதாக நிரப்பின: 2004இல் ஆசைகளும் அச்சங்களும், 2009இல் பெயரும் கால எல்லையும் கொண்ட சிறு மனநிலைக் குறிப்புகளும், 2014இல் வகை பிரித்த உணர்ச்சிகளும் வந்து சேர்ந்தன.

டைனன் சில்வெஸ்டரின் 'ரிம்வேர்ல்ட்', வேற்றுக் கோள் ஒன்றில் ஒரு குடியிருப்பை நடத்தும் விளையாட்டு, காரணங்களை வெளிப்படையாகப் பட்டியலிட்டது. மேசை இல்லாமல் சாப்பிட்டதற்கு 3 புள்ளி குறைவு, உறவினர் இறந்ததற்கு இன்னும் பெரிய குறைவு என்று ஒவ்வொரு நினைப்பும் தனியாகத் தெரியும். குடியிருப்பின் செல்வம் வளர வளர மக்களின் எதிர்பார்ப்பும் வளர்ந்து, ஏழைக் காலத்தில் கிடைத்த சலுகைப் புள்ளிகள் மெல்ல மறைந்துபோகும் என்பது அதன் மிகக் கூர்மையான விதி. ஆனால் கடைசியில் அங்கும் எல்லாமே கூட்டிக் கழிக்கப்பட்டு ஒரே எண்ணாகின்றன.

கூட்டிக் கழிப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை குள்ளர்களின் கோட்டை ஒன்றை நடத்தும் விளையாட்டான, அடம்ஸ் சகோதரர்களின் 'டுவார்ஃப் ஃபோட்ரஸ்' பழைய பதிப்புகளில் காணலாம். நண்பனைப் பறிகொடுத்த குள்ளன் ஒருவன், மிக அழகான சாப்பாட்டு மண்டபத்தில் உணவருந்திய மகிழ்ச்சியால் அந்தத் துயரத்தை ஈடுகட்டிவிட முடிந்தது. பவளம் அன்ரியின் தொலைக்காட்சியும் அந்த மண்டபமும் ஒன்றுதான். 2014ஆம் ஆண்டுப் பதிப்பில் மகிழ்ச்சி எண் நீக்கப்பட்டு, ஆளுமைக்கு ஏற்ப மாறும் உணர்ச்சிகளும் மன அழுத்தமும் வந்தன. பின்னர் நீண்டகால நினைவுகளும் சேர்ந்தன. ஒரு கொடிய நினைவு ஆண்டுகள் கழித்தும் மேலெழுந்து வருத்தக்கூடும், சில நினைவுகள் ஆளின் குணத்தையே மாற்றக்கூடும் என்ற நிலைக்கு அந்த விளையாட்டு வந்து சேர்ந்தது. எங்கள் வேலைக்கு மிக நெருங்கிய முன்மாதிரி இதுவே.

மூன்று வேகங்கள்

புதிய முறைமையில் மகிழ்ச்சி என்ற பெயரில் எந்த மாறியும் இல்லை. அதற்குப் பதிலாக வெவ்வேறு வேகத்தில் ஓடும் மூன்று அடுக்குகள் இருக்கின்றன. அவை ஒன்றுக்கொன்று முரண்படலாம், முரண்பட வேண்டும் என்பதே வடிவமைப்பின் நோக்கம்.

முதல் அடுக்கு மணிக்கணக்கில் ஓடும் தேவைகள். பசி, உறக்கம், சுத்தம், உடல்நலம், பாதுகாப்பு, கூட்டம் (ஆட்களோடு சேர்ந்திருப்பது) ஆகியவற்றோடு 'ஒதுக்கிடம்' என்ற ஒன்றையும் சேர்த்தோம். இரண்டு அறை வீட்டில் ஆறு பேர் வாழும் கொழும்புத் தொடர்மாடியில், ஒருவர் தனியாக அரைமணி நேரம் உட்கார்ந்திருக்க ஓர் இடம் கிடைப்பது உணவுக்கு அடுத்த தேவை என்றே சொல்லலாம்.

இரண்டாம் அடுக்கு நாள் கணக்கிலும் மாதக் கணக்கிலும் ஓடும் உணர்ச்சிப் பதிவுகள். ஒவ்வொரு பதிவிலும் வகை, காரணம், யாரால், வலிமை, தேய்வு வேகம் என்ற ஐந்து விவரங்கள் இருக்கும். இரண்டு பதிவுகள் ஒன்றையொன்று கழிப்பதில்லை. துயரமும் களிப்பும் ஒரே நெஞ்சில் ஒரே நேரத்தில் இருக்கும். சூழலுக்கு ஏற்ப எது மேலே வருகிறதோ அது நடத்தையைத் தீர்மானிக்கும்.

மூன்றாம் அடுக்கு, 'என் வாழ்க்கை எப்படிப் போகிறது' என்று பாத்திரம் தன்னைத் தானே கேட்டுக்கொள்ளும் மதிப்பீடு. 1965இல் ஹேட்லி கான்ட்ரில் முன்வைத்த ஏணி அளவுகோலைப் போல இது 0 முதல் 10 வரை செல்லும். இது மாதம் ஒரு முறையும், பரீட்சை முடிவு, திவசம், பிறந்தநாள் போன்ற நாட்களிலும் மட்டுமே கணக்கிடப்படும். நேற்று எப்படி உணர்ந்தீர்கள் என்ற கேள்விக்கும் முழு வாழ்க்கையை எப்படி மதிப்பிடுகிறீர்கள் என்ற கேள்விக்கும் மக்கள் தரும் விடைகள் வருமானத்தோடு வெவ்வேறு விதமாகத் தொடர்புறுகின்றன என்று டேனியல் கானமனும் ஆங்கஸ் டீட்டனும் 2010இல் காட்டினார்கள். செட்டியார் தெரு நகைக்கடையில் காலை முதல் இரவு வரை நின்று கால் கடுத்து வரும் தகப்பன், ஒவ்வொரு நாளையும் களைப்போடு முடித்தாலும், மகள் பல்கலைக்கழகம் போகிறாள் என்பதால் ஏணியில் எட்டாம் படியில் நிற்கலாம். ஒற்றை எண் முறையில் இப்படி ஒரு மனிதருக்கு இடமே கிடையாது.

பவளம் அன்ரியின் முப்பத்தோராம் நாள்

இந்த மூன்று அடுக்குகளும் சேர்ந்து எப்படி இயங்குகின்றன என்பதைப் பவளம் அன்ரியிடமே பார்க்கலாம். கணவர் இறந்த அன்று 80 வலிமையுள்ள அழுகைப் பதிவு ஒன்று உருவாகிறது. அதன் தேய்வு நாளுக்கு 100இல் 1 பங்கு. வீட்டில் சொந்தக்காரர் நிறைந்திருக்கிறார்கள். அயல் வீடுகளிலிருந்து சாப்பாடு வருகிறது. முதல் அடுக்கில் பசியும் கூட்டமும் நிரம்பியிருக்க, ஒதுக்கிடம் மட்டும் அடிமட்டத்தில் கிடக்கிறது. அவர் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நிற்கிறார். இந்த நடத்தைக்கென்று தனிக்கட்டளை எதுவும் எழுதப்படவில்லை. அந்த வீட்டில் ஆளில்லாத ஒரே இடம் அது என்பதால் தேவை அவரை அங்கே இழுக்கிறது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து சொந்தக்காரர் புறப்படுகிறார்கள். அப்போது பதிவின் வலிமை ஏறக்குறைய 59. முதல் நாளின் நான்கில் மூன்று பங்குக்குச் சற்றே குறைவு. ஒதுக்கிடம் நிரம்பிவிடுகிறது, கூட்டம் என்ற தேவை வேகமாகச் சரிகிறது. சடங்குகள் எல்லாம் முடிந்தபிறகு வரும் அந்தக் கிழமைகளே கடினமானவை என்பது மரணவீடு கண்ட எல்லோருக்கும் தெரியும். அதை விளையாட்டுக்குள் எழுதி வைக்காமலேயே, இரு அடுக்குகளின் வேக வேறுபாட்டிலிருந்து அது தானாக எழுந்து வந்தபோது, இந்தப் பாதை சரி என்ற நம்பிக்கை எனக்குப் பிறந்தது. இப்போது விளையாடுபவர் செய்யக்கூடியது தொலைக்காட்சி வாங்கிக் கொடுப்பது அன்று. மூன்றாம் மாடிப் பெண் பிள்ளையைப் பின்னேரம் மேலே அனுப்பலாம். ஆடிவேல் விழா பார்க்கப் போகிறவர்களோடு அவரையும் சேர்த்துவிடலாம். பதிவு அதனால் குறையாது. அதைத் தாங்குவதற்கான மற்றவை சீராகும்.

தொலைக்காட்சியும் வீணாவதில்லை என்பதைக் குறிப்பிட வேண்டும். அது ஓர் உவகைப் பதிவை உண்டாக்கும். பவளம் அன்ரி நாடகம் பார்த்துச் சிரிப்பார், முடிந்ததும் பக்கத்து நாற்காலியைப் பார்ப்பார்.

எட்டு வகை, முப்பத்திரண்டு காரணம்

உணர்ச்சிகளை எத்தனை வகையாகப் பிரிப்பது என்ற கேள்வியில் குழுவுக்குள் நீண்ட விவாதம் நடந்தது. இன்பம்–துன்பம், கிளர்ச்சி–அமைதி என்ற இரு அச்சுகளில் உணர்ச்சிகளை வட்டமாக அடுக்கிய ஜேம்ஸ் ரஸலின் 1980ஆம் ஆண்டு மாதிரி கணினிக்கு வசதியானது. ஆனால் அதிலும் காரணம் இல்லை. கோபமும் அச்சமும் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழுந்துவிடும்.

இறுதியில் நாங்கள் எடுத்தது, உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளான மெய்ப்பாடுகளைப் பற்றித் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் தரும் அமைப்பை. நகை, அழுகை, இளிவரல் (இழிவுணர்வு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (சினம்), உவகை (மகிழ்ச்சி) என்ற எட்டு; ஒவ்வொன்றுக்கும் அது பிறக்கும் நிலைக்களன்கள், அதாவது காரணங்கள், நான்கு. இதைப் பழம்பெருமைக்காக எடுக்கவில்லை. வகையையும் காரணத்தையும் சேர்த்தே கொடுக்கும் அட்டவணை அது. எங்களுக்கு வேண்டிய தரவு வடிவமும் அதுவேதான். அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. பெருமிதத்துக்குக் கல்வி, தறுகண் (அஞ்சாமை), இசைமை (புகழ்), கொடை. உவகைக்குச் செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு.

அழுகையின் நான்கு காரணங்களில் அசைவும் வறுமையும் தனித்தனியே நிற்பதைப் பாருங்கள். முன்னைய நல்ல நிலை கெட்டு வேறொரு நிலைக்கு வந்து வருந்துவது அசைவு என்று உரை விளக்குகிறது. யாழ்ப்பாணத்தில் கிணறும் மாமரமும் கொண்ட வளவில் வாழ்ந்து, இன்று வெள்ளவத்தையில் வாடகை அறையொன்றில் இருக்கும் குடும்பத்தின் துயரமும், தொடக்கம் முதலே கைக்கும் வாய்க்கும் போதாமல் வாழும் குடும்பத்தின் துயரமும் வங்கிக் கணக்கில் ஒன்றாகத் தெரியலாம். மனத்தில் அவை இரண்டு. முதல் குடும்பத்துக்குப் பணம் கொடுத்தால் பாதிதான் தீரும். ஊருக்கு ஒரு முறை போய்வருவதும், பழைய அயலவரைக் காண்பதும், வளவு பற்றிய வழக்கு முடிவதும் மீதிக்கு வேண்டும். இரண்டாம் குடும்பத்துக்குப் பணமே நேரான மருந்து. பதிவில் காரணம் இருப்பதால் விளையாட்டு இந்த வேறுபாட்டை அறிந்திருக்கிறது.

எல்லாவற்றையும் அந்த அட்டவணைக்குள் அடைக்க முயலவில்லை. சலிப்பும் தனிமையும் முதல் அடுக்கின் தேய்விலிருந்து வருகின்றன. அணங்கு (வருத்தும் தெய்வம்), விலங்கு, கள்வர், தம் இறை (தம் தலைவர்) என்ற அச்சக் காரணங்களில் 'தம் இறை' என்பதை வேலை கொடுப்பவர், வீட்டுக்காரர், அதிகாரி என்று விரித்துக்கொண்டோம்.

எதிர்பார்ப்பும் மின்வெட்டும்

மனிதர் எதற்கும் பழகிவிடுவார்கள் என்ற கருத்து விளையாட்டு வடிவமைப்பில் மிக எளிதாக நுழைந்துவிடுகிறது. பிரிக்மனும் அவரோடு இணைந்தவர்களும் 1978இல் வெளியிட்ட ஆய்வில், லொத்தரில் பெருந்தொகை வென்றவர்கள் மற்றவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு மகிழ்ச்சியாக இல்லை, அன்றாடச் சிறு இன்பங்களில் அவர்களுக்குச் சுவை குறைந்திருந்தது என்று கண்டார்கள். அதை மட்டும் படித்தால் எல்லாப் பதிவுகளுக்கும் ஒரே தேய்வு வேகம் கொடுத்துவிடத் தோன்றும். ஆனால் ரிச்சர்ட் லூகாஸின் குழு ஜேர்மன் குடும்பங்களின் பல்லாண்டுத் தரவுகளைக் கொண்டு 2004இல் காட்டியது வேறு: வேலை இழந்தவர்கள், பின்னர் வேலை கிடைத்த பிறகும், சராசரியாகப் பழைய நிறைவு நிலைக்கு முழுமையாகத் திரும்பவில்லை. ஆகவே பழகும் வேகத்தைக் காரணத்துக்கேற்ப வைத்தோம். புதிய சோபாவுக்கு வேகம், காலி வீதியின் ஹோர்ன் சத்தத்துக்கு மிக மெதுவு, பசிக்குப் பழகுதலே இல்லை.

ஒவ்வொரு வசதிக்கும் பாத்திரத்திடம் ஓர் எதிர்பார்ப்புக் கோடு உண்டு. கிடைப்பதற்கும் எதிர்பார்ப்புக்கும் உள்ள இடைவெளியே உணரப்படும். குறைவாகக் கிடைத்தால் அந்த இடைவெளி 2 மடங்காக எடை பெறும். இழப்பு ஆதாயத்தைவிட ஏறக்குறைய இரு மடங்கு கனக்கும் என்ற கானமன்–ட்வெர்ஸ்கி முடிவிலிருந்து இது வருகிறது. கோடு மேலே ஏறும்போது நாளுக்கு இடைவெளியின் மூன்றில் ஒரு பங்கும், கீழே இறங்கும்போது பத்தில் ஒரு பங்கும் நகரும்.

24 மணி நேர மின்சாரத்துக்குப் பழகிய வீட்டில் தினமும் 3 மணி நேர மின்வெட்டு தொடங்குகிறது என்று வைப்போம். முதல் நாள் உணர்வு −6. அடுத்த நாள் −5.4. பதினோராம் நாள் −2.1 அளவில் நிற்கும். பன்னிரண்டாம் நாள் மின்வெட்டு நீங்கினால் கிடைக்கும் மகிழ்ச்சி +2.1; நான்காம் நாள் அது +0.6 ஆகிவிடும். பதினொரு நாளில் பட்ட துன்பத்தின் கூட்டு 41, மின்சாரம் மீண்டதால் வந்த மகிழ்ச்சியின் கூட்டு 6. மின்வெட்டு நீங்கிய மகிழ்ச்சி ஏன் இவ்வளவு சீக்கிரம் மறைகிறது என்று கேட்ட பரிசோதகர்களுக்கு 2022ஆம் ஆண்டை நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை. அவர்களே அதைச் சொன்னார்கள்.

அந்த ஆண்டு மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணி நேரம் வரை நீண்டது. எழுத்துகளால் குறிக்கப்பட்ட வலயங்களாக நேர அட்டவணை வெளியாகும். எந்த வலயத்துக்கு எப்போது என்று பார்த்துச் சமையலையும் குளிப்பையும் மக்கள் மாற்றிக்கொண்டார்கள். அதிலிருந்து ஒரு விதி பிறந்தது: முன்னறிவித்த வெட்டு எதிர்பார்ப்புக் கோட்டை அன்றைக்கு மட்டும் இறக்கிவிடும், அறிவிக்காத வெட்டு இறக்காது. ஆகவே ஒரே 3 மணி நேரம், அறிவிப்போடு வந்தால் மனத்தை அதிகம் வருத்தாது. தேவைகளின் அடுக்கில் மட்டும் எந்தச் சலுகையும் இல்லை. மோட்டர் ஓடாவிட்டால் மேல்மாடிக்குத் தண்ணீர் ஏறாது, மின்தூக்கி நின்றால் ஐந்தாம் மாடி முதியவர் மருந்துக்கு இறங்க முடியாது. அறிவிப்புப் பலகையில் நேரத்தை எழுதி ஒட்டுவது இப்போது விளையாட்டில் காசு செலவில்லாத, ஆனால் மிகப் பயனுள்ள ஒரு செயல். பராமரிப்பாளரின் நேர்மைக்கு இப்படி ஒரு மதிப்பு கிடைத்தது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

பரவும் துயரம்

குடும்பமாக வாழ்பவர்களின் உணர்ச்சி ஒருவரோடு நிற்பதில்லை. மகள் சாதாரண தரப் பரீட்சையில் ஒன்பது பாடத்திலும் ஏ எடுத்தால் தாய்க்குக் கல்வி காரணமான பெருமிதப் பதிவு எழும். அதே நாளில் கணிதத்தில் தவறிய பிள்ளையின் தாய்க்கு அடுத்த வீட்டில் வேறொன்று எழும். எவ்வளவு எழும் என்பது இரு வீட்டாரின் நெருக்கத்தையும், அவர்கள் ஒருவரையொருவர் அளவுகோலாக வைத்திருக்கிறார்களா என்பதையும் பொறுத்தது.

இதில் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. ஒருவரின் துயரம் தன் வலிமையில் 30 சதவீதத்தை வீட்டிலுள்ள மற்ற நால்வருக்கும் கடத்தினால், கடத்தப்பட்டது மொத்தம் 120 சதவீதம். அவர்கள் தங்கள் பங்குக்கு மீண்டும் கடத்துவார்கள். ஒவ்வொரு சுற்றிலும் துயரம் வளர்ந்து, சில நாட்களில் கட்டடம் முழுவதும் அழுதுகொண்டிருக்கும். 'டுவார்ஃப் ஃபோட்ரஸ்' விளையாடியவர்கள், ஒரு குள்ளனின் ஆத்திரம் கோட்டை முழுவதையும் அழித்துவிடும் இத்தகைய சுழலை நன்கு அறிவார்கள். ஆகவே ஒரு பாத்திரம் கடத்தும் மொத்த அளவு, பெறுபவர் எத்தனை பேரானாலும், 60 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று கட்டினோம். அப்போது ஒரு துயரத்தின் மொத்தப் பரவல் அதன் முதல் அளவின் இரண்டரை மடங்கைத் தாண்டாது. பெரிய குடும்பத்தில் துயரம் பங்கிடப்பட்டு ஒவ்வொருவருக்கும் சிறிதாகும். இருவர் மட்டும் உள்ள வீட்டில் முழுவதும் ஒருவர் தலையில் இறங்கும். அணையாகப் போட்ட கணக்கு, வாழ்க்கையோடும் பொருந்திவந்தது.

விளையாடுபவர் எதைக் காண்கிறார்

உள்ளே இத்தனை நுணுக்கம் வைத்துவிட்டுத் திரையில் மீண்டும் ஒரு பச்சைப் பட்டையைக் காட்டினால் எல்லாம் வீண். பட்டையைக் கண்டவர்கள் அதை நிரப்பவே முனைவார்கள். அதனால் எண் எதுவும் காட்டாமல், பாத்திரங்கள் பேசுவதையும் நடப்பதையும் மட்டும் காட்டுகிறோம். யாரிடம் எவ்வளவு வெளிப்படுத்துவார் என்பதை நெருக்கம் தீர்மானிக்கும். படிக்கட்டில் மூன்றாம் மாடிப் பிள்ளை கேட்கிறாள்:

"அன்ரி, சுகமா இருக்கிறீங்களோ?"

"இருக்கிறன் பிள்ளை, ஒரு குறையும் இல்லை. அம்மா வேலையால வந்திட்டாவோ?"

அன்றிரவு அதே பவளம் அன்ரி வவுனியாவில் இருக்கும் தங்கையோடு தொலைபேசியில் தன் மகனைப் பற்றிப் பேசுகிறார்:

"இந்தக் கிழமையும் அவன் எடுக்கேல்லையடி. வேலை கூடவாக்கும். நான் ஒண்டும் கேக்கப் போறதில்லை."

விளையாடுபவர் படிக்கட்டுப் பேச்சை மட்டும் கேட்டால் கவலைப்பட ஒன்றுமில்லை என்று நினைப்பார். தொலைபேசிப் பேச்சு காதில் விழுவதற்கு அவர் அந்த வீட்டாரின் நம்பிக்கையைப் பெற்றிருக்க வேண்டும். வாடகைக்காக மட்டும் கதவைத் தட்டுபவருக்கு அது கிடைக்காது. சிலருக்கு இந்த முறை எரிச்சலூட்டியது என்பதும் உண்மை. என்ன செய்வது என்று தெரியவில்லை, ஏதாவது ஓர் அளவுகோல் வேண்டும் என்றார்கள். அவர்களுக்காகப் பாத்திரத்தின் பெயரைத் தொட்டால் அண்மையில் நிகழ்ந்தவை வசனங்களாகத் தெரியும் ஒரு குறிப்பேட்டைச் சேர்த்தோம். எண்ணைத் திருப்பிக் கொண்டுவருவதில்லை என்பதில் உறுதியாக இருக்கிறோம்.

கணினிச் சுமையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஒரு பாத்திரத்துக்கு 24 பதிவுகள் என்ற எல்லை, ஒரே காரணம் மீண்டும் வந்தால் பழைய பதிவோடு இணைத்தல், வலிமை 2க்குக் கீழே போனால் நீக்குதல் ஆகிய மூன்றும் சேர்ந்து மலிவான கைத்தொலைபேசியிலும் விளையாட்டைத் தடங்கலின்றி ஓட வைக்கின்றன. இழவுப் பதிவுகளுக்கு மட்டும் நீக்கும் விதி பொருந்தாது. அவை திவச நாளில் மேலெழும்.

மாற்றத்துக்குப் பின்னும், மிச்சமும்

புதிய பதிப்பைப் பரிசோதித்தவர்கள் பாத்திரங்களைப் பற்றிப் பேசும் விதம் மாறியிருக்கிறது. முன்பு 'நாலாம் மாடி சிவப்பில இருக்கு' என்றார்கள். இப்போது 'அன்ரியிட மகன் இன்னும் எடுக்கேல்லை' என்கிறார்கள். வடிவமைப்பு எதிர்பார்த்தது இதைத்தான். ஆட்டம் மெதுவாகிவிட்டது என்ற குறை நியாயமானது. மூன்றாம் அடுக்கு அசைய விளையாட்டுக் கணக்கில் மாதங்கள் ஆவதால், கைத்தொலைபேசியில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் விளையாடுபவருக்குத் தன் செயலின் பயன் உடனே தெரிவதில்லை. முதல் அடுக்கின் சிறு வெற்றிகளை ஒலியாலும் அசைவாலும் இன்னும் தெளிவாகக் காட்ட வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறோம்.

தீராத சிக்கல் ஒன்று இருக்கிறது. கட்டுநாயக்கா விமான நிலையம் வழியாக வெளிநாடு போகும் பாத்திரம் இப்போது நிரலிலிருந்து அழிக்கப்படுகிறது. தாயின் பதிவுகள் மட்டும் இல்லாத ஒருவரைச் சுட்டிக்கொண்டு நிற்கின்றன. அடுத்த பதிப்பில் அவர்கள் 'தூரப் பாத்திரம்' என்ற இலேசான வடிவில் தொடர்வார்கள். அவர்களுக்குப் பசியோ உறக்கமோ கணக்கிடப்படாது. வேலை நேரமும், அனுப்பும் பணமும், தொலைபேசி எடுக்கும் பழக்கமும் மட்டும் இருக்கும். ரொறன்ரோ குளிர்காலத்தில் கொழும்பைவிடப் பத்தரை மணி நேரம் பின்னால் இருப்பதால், மகன் வேலை முடித்து இரவு ஒன்பது மணிக்கு எடுக்கும் அழைப்பு இங்கே காலை ஏழரைக்கு வரும். அந்த நேரத்தில் மின்வெட்டு இருந்து வைஃபை வேலை செய்யாவிட்டால் அழைப்பு தவறும், தாயிடம் ஒரு பதிவு எழும், மகனுக்கு அது தெரியாது. மகனுக்கும் சொந்தமாக ஓர் எதிர்பார்ப்புக் கோடும் உணர்ச்சிப் பதிவுகளும் வேண்டுமா என்பதில் குழு இன்னும் ஒத்துப்போகவில்லை. வேண்டும் என்பது என் வாதம். பணம் அனுப்பும் இயந்திரமாக மட்டும் அவனை வைத்தால், தாயிடம் நீக்கிய குறையை மகனிடம் மீண்டும் கட்டியெழுப்பியவர்களாவோம்.